மறைந்த பெயரும் மரபணுச் சான்றும்: தத்தெடுக்கப்பட்ட மூதாதையின் பிறப்புக் குடும்பத்தைத் தேடல்

பாபிலோன் சிறையிருப்பினின்று எருசலேமுக்குத் திரும்பிய மக்களின் அட்டவணை எஸ்றாவின் புத்தகம் இரண்டாம் அதிகாரத்தில் காணப்படுகிறது. ஊர்ப்பெயர்களும் குடும்பப்பெயர்களும் எண்களும் செறிந்த அவ்வதிகாரத்தைப் பிரசங்கத்திற்கு எடுத்துக்கொள்வோர் அரியர். ஆயினும் அதன் பிற்பகுதியில் நம் கவனத்திற்குரிய செய்தியொன்று உண்டு. திரும்பி வந்தோருள் சிலர், தம் பிதாக்களின் வீட்டைச் சுட்டித் தாம் இஸ்ரவேலர் என நிறுவ இயலாது நின்றனர். ஆசாரியருள்ளும் மூன்று குடும்பத்தார் தம் வம்ச அட்டவணையைத் தேடிக் காணாது போயினர். அம்மூன்றில் ஒரு குடும்பத்தின் முன்னோன், கீலேயாத்தியனான பர்சிலாயின் குமாரத்திகளுள் ஒருத்தியை மணந்து, பெண் வீட்டாரின் பெயரையே தன் பெயராக ஏற்றவன். அன்று நேர்ந்த பெயர் மாற்றம் பிற்காலத்தில் அவன் சந்ததியாரின் ஊழிய உரிமையையே கேள்விக்குள்ளாக்கிற்று. ஊரீம் தும்மீம் உள்ள ஆசாரியன் ஒருவன் எழும்புமளவும் அவர்கள் காத்திருக்க வேண்டுமென ஆளுநர் தீர்த்தார்.

ஏடு மௌனம் சாதிக்கையில் வேறொரு சான்றுக்காகக் காத்திருந்த மக்கள் அவர்கள். நம் காலத்தில் அத்தகைய நிலையில் இருப்போர் பலர். பாட்டனோ பாட்டியோ கைக்குழந்தையாக வேறொரு குடும்பத்தில் சேர்க்கப்பட்டவர் என்று மட்டும் அறிந்து, பெற்றவர் யார் என அறியாத மக்கள் மேலை நாடுகளில் ஆயிரமாயிரவர் உளர். அவர்களுக்கு டி.என்.ஏ. என்னும் மரபணுச் சோதனை ஏறத்தாழ கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் புதிய சான்றாக வாய்த்திருக்கிறது. அதனை ஊரீம் தும்மீமுக்கு ஒப்பாகக் கருதுவாரும் உளர். அது சரியா? அச்சான்று எதனைச் சொல்லும், எதனைச் சொல்லாது? மறைக்கப்பட்ட பெயரைத் தேடுவது வளர்த்தவர்க்கு இழைக்கும் துரோகமா? இவ்வினாக்களை, பதிவேடுகள் மிகுந்த இங்கிலாந்தின் வரலாற்றைத் துணைக்கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பெயர் மாற்றிய இல்லம்

தாமஸ் கோரம் என்பார் ஒரு கப்பல் தலைவர். முதுமையில் லண்டனில் வாழ்ந்தபோது, தெருவோரங்களில் கைவிடப்பட்டுக் கிடந்த சிசுக்களைக் கண்டு மனம் பொறாதவரானார். பதினேழு ஆண்டுகள் பிரபுக்களின் வாயில்தோறும் நடந்து ஆதரவு திரட்டினார். முறைகேடாய்ப் பிறந்த குழந்தைகளைப் பேணுவது ஒழுக்கக்கேட்டிற்கு ஊக்கமளிப்பதாகும் என்பதே அவர் எங்கும் கேட்ட மறுப்பு. இறுதியில் 1739 அக்டோபரில் அரசர் இரண்டாம் ஜார்ஜ் வழங்கிய சாசனத்தால் பவுண்ட்லிங் ஆஸ்பத்திரி நிறுவப்பெற்றது. ஆஸ்பத்திரி என்னும் சொல் ஈண்டு நோய் தீர்க்கும் இடத்தைக் குறிப்பதன்று; பழைய வழக்கின்படி ஆதரவற்றோர் இல்லம் என்பதே அதன் பொருள்.

1741 மார்ச் 25ஆம் நாள் இரவு இல்லத்தின் கதவு முதன்முறையாகத் திறக்கப்பட்டது. குழந்தையைக் கொணர்வோர் தம்மை அறிவிக்க வேண்டுவதில்லை. அவர்களிடம் எவ்வினாவும் கேட்கப்படமாட்டாது என்பது விதி. அவர்தம் முகம் தெரியாதிருக்கும் பொருட்டு வாயிலின் விளக்கும் அணைக்கப்பட்டது. அன்றிரவு முப்பது குழந்தைகள் ஏற்கப்பட்டன. ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் எண் தரப்பட்டு, பால், வயது, உடை, உடலின் அடையாளம் ஆகியவை ஒரு தாளில் குறிக்கப்பட்டன. அத்தாள் மடித்து முத்திரையிடப்பட்டது. பின்னர் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. அப்போது அதற்கு முற்றிலும் புதிய பெயர் இடப்பட்டது. முதலில் பெயர் பெற்றவருள் தாமஸ் கோரம், யூனிஸ் கோரம் என்னும் இருவர் உண்டு. அவை இல்லத்தை நிறுவியவரின் பெயரும் அவர்தம் மனைவியாரின் பெயரும் ஆம்.

இப்பெயர்சூட்டலைப் பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. தொடக்கத்தில் இல்லத்தின் புரவலர்களான உயர்குடியினர் தம் பெயர்களையே குழந்தைகளுக்கு வழங்கினர். ஆனால் வளர்ந்து வெளியேறிய சிலர் அப்பெயரை நம்பி அவர்களை உறவினர் என உரிமை கொண்டாடத் தொடங்கவே, அவ்வழக்கம் கைவிடப்பட்டது. பெயரை ஈந்தவர்கள் உறவை ஈய ஆயத்தமாயில்லை. இதனை எழுதி வைத்தவர் ஜான் பிரௌன்லோ. அவரே அவ்வில்லத்தில் வளர்ந்த ஒரு கைவிடப்பட்ட குழந்தை. 1849இல் அதன் செயலாளராக உயர்ந்தவர்.

கோரமும் அவருடைய தோழரும் செய்த தர்மத்தை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. அவர்கள் இல்லையேல் அக்குழந்தைகளுள் பலர் குப்பைமேட்டில் மாண்டிருப்பர். ஆயினும் அத்தர்மத்தின் அமைப்பிலேயே ஓர் இழப்பு அடங்கியிருந்தது. திருச்சபையின் கரத்தால் ஒரு பெயர் வழங்கப்பட்ட அவ்வேளையில் தாய் இட்ட பெயர் அழிந்தது.

2. அறுத்த துணியின் பாதி

தாய்மார் இவ்வழிவைத் தம்மால் இயன்றவாறு எதிர்த்தனர். பிற்காலத்தில் நிலைமை சீர்ப்படின் குழந்தையை மீட்டுக்கொள்ளலாம் என இல்லம் வாக்களித்திருந்தது. அவ்வாறு வரும்போது தம் குழந்தை இன்னதென நிறுவும்பொருட்டு ஓர் அடையாளத்தைத் தாய்மார் விட்டுச் சென்றனர். சிலர் நாணயத்தில் பெயரைச் செதுக்கி வைத்தனர். சிலர் மோதிரமோ சாவியோ வைத்தனர். ஏதுமற்ற ஏழையர் ஆடையில் ஒரு துண்டை அறுத்துக் கொடுத்தனர். அத்துணித் துண்டுகள் தாளோடு குண்டூசியால் குத்தப்பட்டு இன்றும் நூற்றுக்கணக்கில் காக்கப்படுகின்றன.

1767 பிப்ரவரி 11ஆம் நாள் ஓர் ஆண் குழந்தை ஏற்கப்பட்டது. அதன் எண் 16516. அதனோடு விடப்பட்ட அடையாளம், பல துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த ஒரு கிழி. அதன்மேல் சிவப்பு நூலால் இருதய வடிவம் ஒன்று தைக்கப்பட்டிருந்தது. அவ்விருதயத்தின் ஒரு பாதியே தாளில் இருந்தது. மறுபாதியைத் தாய் வைத்திருந்தாள். அவள் பெயர் சாரா பெண்டர். மகனுக்கு அவள் இட்ட பெயர் சார்லஸ். இல்லம் இட்ட பெயரோ பெஞ்சமின் ட்வர்ல். எட்டு ஆண்டுகட்குப் பின், 1775 ஜூன் 10ஆம் நாள், சாரா பெண்டர் வந்து தன் மகனை அழைத்துச் சென்றாள்.

இந்நிகழ்ச்சி நம் உள்ளத்தை நெகிழ்விக்கிறது. எனினும் இது விதிவிலக்கே. 1741 முதல் 1760 வரை ஏற்கப்பட்ட 16,282 குழந்தைகளுள் தாயோ உறவினரோ மீட்டுச் சென்றவை 152 மட்டுமே. நூற்றுக்கு ஒன்று என்னும் கணக்கும் எட்டவில்லை. 1756 முதல் 1760 வரை, பாராளுமன்றத்தின் பொருளுதவியோடு வந்த குழந்தைகள் அனைத்தும் ஏற்கப்பட்ட காலத்தில், 14,934 குழந்தைகள் சேர்ந்தன. அவற்றுள் மூன்றில் இரு பங்கு மடிந்தன. திரும்பி வந்த தாய்மாருள் சிலர் தம் குழந்தை முன்னரே இறந்தது என்னும் செய்தியையே கேட்டனர்.

பிற்காலத்தார் இவ்விழப்பை மேலும் பெருக்கினர். 1860களில் முத்திரையிட்ட தாள்கள் பிரிக்கப்பட்டு, நாணயம் முதலான அடையாளப் பொருள்கள் மக்கள் காணும்பொருட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டன. எப்பொருள் எக்குழந்தைக்குரியது என்னும் தொடர்பு அப்போது அறுந்தது. அவற்றுட் சிலவற்றை ஆராய்ச்சியாளர் அண்மைக் காலத்தில் பெருமுயற்சியால் மீண்டும் உரிய குழந்தைகளோடு இணைத்துள்ளனர். தீய நோக்கம் ஏதுமின்றியே ஆவணத்தை அழிக்க முடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

3. சட்டம் அமைத்த திரை

1760களில் இல்லம் தன் முறையை மாற்றியது. குழந்தையை ஒப்படைக்க விரும்பும் தாய் நேரில் விண்ணப்பிக்க வேண்டுமென விதிக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாயின் வயது, தந்தையின் பெயர், தொழில், இருவரும் அறிமுகமான விதம், அவன் அவளைக் கைவிட்ட காலம் ஆகிய யாவும் கேட்டெழுதப்பட்டன. கேட்கப்பட்ட பெண்களுக்கு அவ்விசாரணை பெருந்துன்பமாய் இருந்திருக்கும். ஆனால் இன்று தேடும் சந்ததியாருக்கு அத்தாள்களே பெரும் பொக்கிஷம். இல்லத்தின் பதிவேடுகள் இப்போது லண்டன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

இல்லங்களுக்கு வெளியே நடந்த தத்தெடுப்புக்கு அத்தகைய ஏடும் இல்லை. இங்கிலாந்தில் 1926ஆம் ஆண்டுச் சட்டம் 1927 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வருமளவும் தத்தெடுத்தலுக்குச் சட்ட வடிவமே கிடையாது. அண்டை வீட்டாரோ உறவினரோ ஒரு குழந்தையை ஏற்றுத் தம் பெயரால் அழைத்து வளர்த்தனர். மக்கட்கணக்கெடுப்பில் அக்குழந்தை சில வேளை மகன் என்றும், சில வேளை பேரன் என்றும் குறிக்கப்பட்டது. மகளின் குழந்தையைத் தாயே தன் கடைக்குட்டியென்று ஊரார்க்குக் காட்டி வளர்த்த குடும்பங்களும் உண்டு.

சட்டம் வந்த பின்னர்த் தத்துப் பிள்ளைகளுக்கெனத் தனிப் பதிவேடு ஏற்பட்டது. ஆனால் அதற்கும் மூலப் பிறப்புப் பதிவிற்கும் உள்ள தொடர்பு பொதுமக்களுக்கு மறைக்கப்பட்டது. மறைத்தவர்களின் எண்ணம் நன்றே. மணமாகாத தாய்க்கு அவமானமின்றி வாழ வழி வேண்டும். குழந்தைக்கு முறைகேடாய்ப் பிறந்தவன் என்னும் பழிச்சொல் ஒட்டலாகாது. வளர்ப்போர்க்கு அச்சம் கூடாது. இம்மூன்று காரணங்களையும் நாம் எளிதிற் புறக்கணித்தல் இயலாது. ஆயினும் காலப்போக்கில், மறைத்ததனால் காப்பாற்றப்பட்டவன் எனக் கருதப்பட்ட பிள்ளையே வளர்ந்து தன் தொடக்கத்தை அறியக் கேட்டான். 1975ஆம் ஆண்டுச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பிய தத்துப் பிள்ளைகள் தம் மூலப் பிறப்புச் சான்றைப் பெறும் உரிமையை வழங்கிற்று. ஸ்காட்லாந்தில் 1930 முதலே அவ்வுரிமை இருந்தது. தத்துப் பிள்ளை இறந்த பின் அவர்தம் சந்ததியார் என் செய்வது? 2014ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திற்குப் பிறகே அவர்களும் இடைநின்று உதவும் நிறுவனங்களின் வாயிலாகத் தேட வழி பிறந்தது.

4. குருதியில் நின்ற பதிவு

ஏடு இல்லாதவிடத்தும் ஏடு மூடப்பட்டவிடத்தும் மரபணு ஒரு சான்றாக வருகிறது. அதன் இயல்பைச் சுருக்கமாகக் காண்போம்.

ஒவ்வொரு மனிதனும் தன் மரபணுத் தொகுதியில் பாதியைத் தாயிடமிருந்தும் பாதியைத் தந்தையிடமிருந்தும் பெறுகிறான். பாட்டன் பாட்டியர் நால்வரிடமிருந்தும் ஏறத்தாழக் காற்பங்கு வீதம் வருகிறது. பூட்டன் பூட்டியர் எண்மரிடமிருந்தும் அரைக்காற்பங்கு வீதம் வருகிறது. ஒரே முன்னோர் இணையரிடமிருந்து தோன்றிய இருவர், அம்முன்னோரிடமிருந்து வந்த சில துண்டுகளை ஒன்றுபோலவே தாங்கியிருப்பர். சாரா பெண்டர் அறுத்த துணி இரண்டு பாதிகள் மட்டுமே. மரபணுவோ தலைமுறைதோறும் அறுபட்டு அறுபட்டுப் பலரிடையே பரவிய துணியெனலாம்.

ஒன்றுபோன்ற துண்டுகளின் அளவு சென்டிமார்கன் என்னும் அலகால் கணிக்கப்படுகிறது. இது தாமஸ் ஹன்ட் மார்கன் என்னும் மரபியலறிஞரின் பெயரால் அமைந்தது. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே ஏறத்தாழ 3,400 முதல் 3,500 சென்டிமார்கன் பொதுவாயிருக்கும். உடன்பிறந்தாரின் மக்களுக்கிடையே சராசரி 870 அளவும், அவர்தம் மக்களுக்கிடையே 230 அளவும், அதற்கடுத்த தலைமுறையினரிடையே 73 அளவும் காணப்படும். அம்மூன்றாம் தலைமுறை உறவில் பத்தில் ஒருவர்க்குப் பொதுத்துண்டு ஏதும் இராது. நான்காம் தலைமுறையில் ஏறத்தாழப் பாதிப் பேர்க்கு இராது. ஆகவே 1767இல் கைவிடப்பட்ட குழந்தையின் பெற்றோரை இச்சோதனையால் இன்று கண்டறிய முயல்வது பெரும்பாலும் வீண். 1880களில் பிறந்தவரின் பெற்றோரைக் கண்டறிவது இயலும். ஆயினும் ஆண்டுதோறும் அவ்வாய்ப்பு குறைந்துவருகிறது.

இதனோடு வேறிரண்டு சோதனைகளும் உள. ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வது. இங்கிலாந்தில் குடும்பப்பெயரும் அவ்வழியே சென்றதனால், தத்தெடுக்கப்பட்ட ஆண்மகனின் நேர் ஆண்வழிச் சந்ததியான் ஒருவன் இச்சோதனையைச் செய்யின், பிறப்புத் தந்தையின் குடும்பப்பெயர் பற்றிய குறிப்புக் கிட்டக்கூடும். மைட்டோகாண்டிரியாவின் மரபணு தாயிடமிருந்தே வருவது; ஆண் பெண் இருபாலாரும் அதனைப் பெறினும் பெண்மக்கள் வழியாகவே அது தொடர்கிறது.

5. தேடலின் முறை

தத்தெடுக்கப்பட்டவர் பூட்டியார் ஒருவர் எனக் கொள்வோம். முதலாவது, அவர் வழியில் உயிரோடிருக்கும் மிக முதிய தலைமுறையினரைச் சோதிக்க வேண்டும். பேரனிடம் அவருடைய மரபணுவில் காற்பங்கு இருக்கும்; கொள்ளுப்பேரனிடம் அரைக்காற்பங்கே இருக்கும். முதியோர் ஒருவர் மறையும்போது ஓர் ஏடே எரிந்து போவதாகக் கருதலாம்.

இரண்டாவது, சோதனை நிறுவனம் தன்னிடமுள்ளோருள் யார் யாருடன் பொதுத்துண்டுகள் உள்ளன என்னும் பட்டியலைத் தரும். அப்பட்டியலில், குடும்பத்தின் அறிந்த கிளைகளைச் சேர்ந்தோரை முதலில் விலக்க வேண்டும். எஞ்சியோருள் தம்முள்ளும் பொதுத்துண்டு உடையவர்களைத் தொகுதி தொகுதியாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதியும் ஒரு முன்னோர் இணையரைச் சுட்டும்.

மூன்றாவது, அத்தொகுதியிலுள்ளோரின் வம்சாவளியை ஏடுகளைக்கொண்டு பின்னோக்கி வரைந்து, அனைவர்க்கும் பொதுவான இணையரைக் காண வேண்டும். பின்னர் அவ்விணையரின் மக்கள், பேரர் யாவரையும் முன்னோக்கி வரைந்து, அக்குழந்தை பிறந்த ஆண்டில், பிறந்த ஊரில், பெற்றிருக்கத்தக்க வயதில் இருந்தவர் யார் என ஆராய வேண்டும். தொகுதி ஒன்று தாயின் பெற்றோரையும், வேறொன்று தந்தையின் பெற்றோரையும் சுட்டினால், அவ்விரு குடும்பங்களும் ஒரே ஊரில் எதிர்ப்பட்ட காலத்தைத் தேட வேண்டும்.

நான்காவது, கண்ட முடிவை ஏட்டால் உறுதிப்படுத்த வேண்டும். 1538 முதல் எழுதப்பட்ட சபைப் பதிவேடுகள், 1837 ஜூலை முதல் தொடங்கிய அரசாங்கப் பிறப்புப் பதிவுகள், 1841 முதல் பெயர்விவரங்களோடு கிடைக்கும் மக்கட்கணக்கெடுப்புகள் ஆகியவை இங்கிலாந்தில் துணை நிற்பன. பழைய ஏழையர் சட்டத்தின்கீழ், மணமாகாத தாயை விசாரித்துத் தந்தையின் பெயரைக் கேட்டெழுதிய தாள்களும் பல ஊர்களில் எஞ்சியுள்ளன. குழந்தையின் செலவு சபைவட்டாரத்தின் தலையில் விழலாகாது என்பதே அவ்விசாரணையின் நோக்கம். சிக்கனத்திற்காக எழுதப்பட்ட அத்தாளே இன்று தந்தையின் பெயரைக் காத்து நிற்கிறது.

ஒரு நுட்பத்தையும் மறக்கலாகாது. குழந்தையை விட்டுப் பிரிந்த தாய் பின்னர் வேறொருவரை மணந்து மக்களைப் பெற்றிருக்கக் கூடும். அம்மக்கள் அக்குழந்தைக்குத் தாய்வழியில் மட்டுமே உடன்பிறந்தார். ஆதலின் அவர்தம் சந்ததியாரோடு பொதுவான அளவு மேற்கூறிய சராசரியில் பாதியே இருக்கும். இதனை அறியாதார் உறவை ஒரு தலைமுறை தொலைவில் வைத்துத் தவறான கிளையில் அலைவர்.

நம் நாட்டு நிலையும் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. மாமன் மகளையும் அத்தை மகனையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக நிலவிய சமுதாயங்களில், ஒருவரோடொருவர் பலவழியில் உறவினர். அங்கே பொதுத்துண்டின் அளவு மிகுந்து காணப்படும். நெடுந்தொலைவு உறவும் அண்மை உறவுபோலத் தோன்றும். மேலை நாட்டார்க்கெனக் கணித்த சராசரியை நம் குடும்பங்களுக்கு அப்படியே பொருத்துவது பிழைபட்ட முடிவில் கொண்டு விடும்.

6. சான்று சொல்லாதவை

மரபணுச் சான்று வலியது. ஆனால் அதன் நாவு குறுகியது. இருவர் உறவினர் என்று அது சொல்லும். தாய் குழந்தையை மனமுவந்து கொடுத்தாளா, கண்ணீரோடு கொடுத்தாளா, வற்புறுத்தலால் கொடுத்தாளா என்று அது சொல்லாது. தந்தையானவன் வாக்களித்து ஏமாற்றினானா, வன்முறை செய்தானா, கடலில் மாண்டானா என்றும் சொல்லாது. உடன்பிறந்த சகோதரர் இருவருள் எவன் தந்தை என்பதைக்கூட, தலைமுறை பல கடந்தபின், அச்சகோதரரின் சந்ததியாரையும் சோதித்தாலன்றி அது பிரித்துச் சொல்ல மாட்டாது. ஏடு இல்லாத மரபணு பெயரில்லாத உறவு; மரபணு இல்லாத ஏடோ சில வேளைகளில் உறவில்லாத பெயர்.

இரண்டாங்கூற்றுக்கு அரச குலத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1485இல் போரில் மாண்ட இங்கிலாந்து அரசர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகள் 2012இல் லெஸ்டர் நகரில் தோண்டி எடுக்கப்பட்டன. 2014இல் வெளியான ஆய்வின்படி, தாய்வழி மரபணு அவருடைய சகோதரியின் பெண்வழிச் சந்ததியாரோடு பொருந்தியது. ஆண்வழிச் சந்ததியார் என ஏடுகள் கூறியவர்களின் ஒய் குரோமோசோமோ அரசருடையதோடு பொருந்தவில்லை. இடையில் எங்கோ ஒரு தலைமுறையில் ஏடு கூறும் தந்தை வேறு, பெற்ற தந்தை வேறு. பிறர் பிறப்பை இகழ்வோர் தம் வம்சாவளியின் தூய்மையில் வைக்கும் நம்பிக்கை எத்துணை மெலிந்தது என்பதை இது காட்டவில்லையா?

நம் காலத்துத் திருச்சபையிலும் இதனையொத்த நிகழ்ச்சி நடந்தது. அப்போது கன்டர்பரிப் பேராயராயிருந்த ஜஸ்டின் வெல்பி, தம் தந்தை கேவின் வெல்பி என்றே அறுபதாண்டுக் காலம் நம்பியிருந்தார். 2016இல் மரபணுச் சோதனை, வின்ஸ்டன் சர்ச்சிலின் தனிச்செயலாளராயிருந்த சர் அந்தோணி மான்டேகு பிரௌன் என்பாரே தந்தையெனக் காட்டிற்று. பேராயர் அதனை மறைக்காது தாமே வெளியிட்டார். தம்மை யாரென அறிவது மரபணுவினால் அன்று, கிறிஸ்துவினாலேயே என்னும் கருத்துப்பட அவர் அன்று அறிக்கை விடுத்தார். உண்மையை ஏற்றுக்கொள்ளவும், அதனால் நிலைகுலையாதிருக்கவும் இயலும் என்பதற்கு அந்நிகழ்ச்சி சான்றாகிறது.

பிறர் நலனையும் கருத வேண்டும். ஒருவர் தம் உமிழ்நீரைச் சோதனைக்கு அனுப்பும்போது, தம் உடன்பிறந்தாரின், மக்களின், அறியாத உறவினரின் இரகசியத்தையும் ஓரளவு அனுப்புகிறார். இத்துறையில் பெயர்பெற்ற 23அண்ட்மீ என்னும் அமெரிக்க நிறுவனத்தினின்று 2023இல் ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் விவரங்கள் களவு போயின. 2025 மார்ச்சில் அந்நிறுவனம் திவால் பாதுகாப்பை நாடிற்று. தேடிக் கண்டறியப்பட்ட குடும்பத்தாரோ, தம் பாட்டியார் மணமாகுமுன் ஒரு குழந்தையைப் பெற்றார் என்பதை அறவே அறியாதவராயிருக்கலாம். அவர்தம் வாயிலைத் தட்டும் கரம் மென்மையாயிருத்தல் வேண்டும்.

7. வேதாகம நோக்கு

தத்தெடுத்தல் வேதாகமத்திற்குப் புதியதன்று. மோசே பார்வோன் குமாரத்தியின் மகனாக வளர்ந்தான். அவனுக்குப் பெயரிட்டவளும் அவளே. ஆயினும் யாத்திராகமம் ஆறாம் அதிகாரத்தின் அட்டவணை அம்ராமையும் யோகெபேத்தையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. எஸ்தரை மொர்தெகாய் மகளாக வளர்த்தான். ஆயினும் அவள் அபியாயேலின் குமாரத்தி என்பதை அந்நூல் மறவாது குறிக்கிறது. வளர்த்தவர்க்குரிய நன்றியும் பெற்றவர்க்குரிய பெயரும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல.

பவுல் அப்போஸ்தலர் நம் இரட்சிப்பைப் புத்திர சுவிகாரம் என்கிறார். அவர் வாழ்ந்த ரோமப் பேரரசில் சுவிகாரம் மறைவில் நடந்ததன்று. அது அனைவரும் அறிய நிகழ்ந்த சட்டச் செயல். ரோமரின் பழைய வழக்கில், சுவிகாரம் பெற்றவன் புதிய குடும்பத்தின் பெயரை ஏற்பதோடு, பிறந்த குடும்பத்தின் பெயரையும் மாற்றுருவில் தன் பெயரின் இறுதியில் தாங்கினான். கி.மு. 146இல் கார்த்தேஜ் நகரை வென்ற ஸ்கிப்பியோ எமிலியானுஸ் என்பான் ஸ்கிப்பியோ குடும்பத்திற்குச் சுவிகாரமானவன். எமிலியானுஸ் என்னும் சொல் அவன் எமிலியுஸ் குடும்பத்தில் பிறந்தவன் என்பதை அறிவித்தது. ஆகவே சுவிகாரம் என்னும் உவமையைக் காட்டி, பிறப்பை மறைத்தலே கிறிஸ்தவப் பண்பு என வாதிட இடமில்லை. கடவுள் நம்மை ஏற்றுக்கொண்டபோது நாம் எங்கிருந்து வந்தோம் என்பதை அறிந்தே ஏற்றுக்கொண்டார்.

நம் ஆண்டவரின் வம்ச அட்டவணையே இதற்கு முடிமணி. மத்தேயு அதனை யோசேப்பின் வழியாக வரைந்து, யோசேப்பு பெற்ற தந்தையல்லர் என்பதையும் அவ்வதிகாரத்திலேயே உரைக்கிறார். தாமாரையும் ராகாபையும் ரூத்தையும் உரியாவின் மனைவியாயிருந்தவளையும் அவ்வட்டவணையினின்று அவர் நீக்கவில்லை. குடும்பத்தார் மறைக்க விரும்பும் பெயர்களையே சுவிசேஷகர் வெளிச்சத்தில் நிறுத்தினார்.

8. போதகர்க்குரிய கடமை

இவ்வாராய்ச்சியினின்று சபைப் பணியாளராகிய நமக்குச் சில கடமைகள் தோன்றுகின்றன.

முதலாவது, பதிவேடு. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பீடித்த பெரும்பஞ்சத்தின்போது மிஷன்கள் அநாதை இல்லங்களைத் திறந்து குழந்தைகளைக் காத்தன. அத்தகைய குழந்தைகளின் சந்ததியார் இன்று நம் சபைகளில் அமர்ந்திருக்கக் கூடும். அவர்தம் முன்னோரின் பழைய பெயரும் ஊரும், எங்கேனும் எழுதப்பட்டிருப்பின், நம் ஞானஸ்நானப் பதிவேடுகளிலோ இல்லங்களின் ஏடுகளிலோதான் இருக்கும். செல்லரிக்கும் ஏட்டைக் காப்பது ஊழியத்தின் புறவேலையன்று. அது ஒருவனுடைய தாயின் பெயரைக் காப்பதாகும். தத்துப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது, சட்டம் இடங்கொடுக்கும் அளவில் உண்மையை எழுதுக. அவ்வேட்டைப் பிறர் கண் படாது காக்க.

இரண்டாவது, ஆலோசனை. சோதனை செய்ய விரும்பி வரும் விசுவாசியை, அது வேண்டாத ஆராய்ச்சியென்று கடிந்து அனுப்பலாகாது. முடிவில்லாத வம்ச வரலாறுகளைக் குறித்துத் தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட எச்சரிக்கை, தாயின் பெயரைத் தேடும் பிள்ளையைக் கண்டிப்பதற்காக எழுந்ததன்று. எதிர்பாராத விடையைத் தாங்க ஆயத்தமா, வளர்த்தோர் உயிரோடிருப்பின் அவர்களிடம் எவ்வாறு எடுத்துரைப்பது, கண்டறியப்படும் உறவினர் பேச மறுப்பின் என் செய்வது என்பவற்றை அவரோடு அமர்ந்து முன்கூட்டியே எண்ணுதல் நன்று.

மூன்றாவது, தாயைப் பற்றிய நம் சொல். கண்டறியப்பட்ட மூதாட்டி மணமாகாத வேலைக்காரப் பெண்ணாயிருந்தாள் எனத் தெரியவரும்போது, தலைகுனியும் குடும்பத்தார் நம் முகத்தையே நோக்குவர். அவளைக் குற்றவாளியாக்கி, பெயரறியாத ஆடவனை விட்டுவிடும் பழைய அநீதியை நாம் மீண்டும் இழைக்கலாகாது.

16,282 குழந்தைகளுள் 152 பேரையே தேடிக் கொண்டு சென்றனர் என்று கண்டோம். மற்றத் தாய்மாருள் எத்தனை பேர் அறுத்த துணியின் மறுபாதியை இறுதிமட்டும் பேழையில் வைத்திருந்தனரோ, கடவுளே அறிவார். இன்று ஒரு கொள்ளுப்பேரன் பதிவேட்டைப் புரட்டியும் மரபணுவை ஒப்பிட்டும் அத்தகைய ஒரு தாயின் பெயரை அறிந்து, அதனைக் குடும்ப வேதாகமத்தின் முதல் ஏட்டில் வளர்த்தவர் பெயருக்கு அருகே எழுதுவானாயின், அதனால் வளர்த்தவர்க்குக் குறைவு ஏதும் நேராது. நீண்டகாலம் மறுக்கப்பட்டிருந்த மரியாதை ஒரு பெண்ணுக்குத் திரும்பக் கிடைக்கிறது. அவ்வேட்டை எழுத உதவுவதும் திருச்சபையின் பணியே.